தலையில் ஏறும் கணக்கு

"எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குத் தலையில் ஏறாது" என்னும் பேச்சை மலையகத் தோட்டங்களிற் கேளாதார் இலர். பெற்றோர் சொல்லுகின்றனர், சில வேளைகளில் கற்பிப்போரும் சொல்லுகின்றனர். கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகள், அவர்களுள்ளும் பெண்பிள்ளைகள், அதைத் தலைவிதி போல ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தியெய்தாமையால் கல்வியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தாய் சுமந்த கூடையைத் தான் சுமக்கப் போனவர்கள் எத்தனை பேர்! இந்தப் பேச்சை நான் ஒப்புவதில்லை. அதற்கு நான் காட்டும் சான்று வாசகர்களுக்குச் சற்று விநோதமாகத் தோன்றலாம். அது ஒரு தொப்பி. குளிருக்கு அணியும் கம்பளித் தொப்பி.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையிற் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. அதனிலும் தாழ்வான ஹட்டனிலும் இரவிற் கம்பளி இல்லாமல் முடியாது. ஆகவே அந்நகரங்களின் கடைத்தெருக்களிற் குளிராடைகளும் கம்பளித் தொப்பிகளும் தோரணம் போலத் தொங்குவதை உல்லாசப் பிரயாணிகள் அனைவரும் கண்டிருப்பர். அத்தொப்பிகளை நானும் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். நட்சத்திரம் உண்டு, பனித்துளி உண்டு, ஆங்கில எழுத்தும் உண்டு. தமிழ் எழுத்துப் பின்னிய தொப்பி ஒன்றேனும் என் கண்ணிற் படவில்லை. சுற்றியுள்ள மலைச்சரிவுகளிலெல்லாம் தமிழ் பேசும் மக்கள் வாழ்கின்ற ஊரில், விற்பனைக்குத் தொங்கும் பொருளிலே தமிழ் இல்லை!

மலையகத்துப் பிள்ளைகள் ஊசியும் நூலும் எடுத்து, தமது ஊரின் பெயரைத் தமிழெழுத்தில், தாமே கணக்கிட்டு வகுத்த கோலத்தோடு, தொப்பியிற் பின்னப் பழகவேண்டும் என்பதே என் கருத்து. இதில் எழுத்தும் உண்டு, கணக்கும் உண்டு, காசும் உண்டு. இம்மூன்றிலும் எதை விட்டாலும் மற்றவை நிலைக்கமாட்டா என்றே எண்ணுகிறேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று வைத்துக்கொள்வோம். தொப்பியை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னுவது வழக்கம். நடுத்தரப் பருமனுள்ள நூலில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 20 கண்ணிகளும், அதே உயரத்துக்கு 28 சுற்றுகளும் வருமெனக் கொண்டால், 96 கண்ணிகள் 48 சென்ரிமீற்றர் சுற்றளவாகும். பின்னல் நெகிழ்ந்து கொடுக்கும் ஆதலால், பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் தலைக்கு அது போதும். ஏன் 96? அந்த எண் 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48 ஆகிய இத்தனையாலும் மீதியின்றி வகுபடும். எட்டுக் கண்ணி அகலமுள்ள பூ ஒன்றை வைத்தால் சரியாகப் பன்னிரண்டு பூக்கள் வரும். கடைசிப் பூ பாதியில் அறுந்து நிற்காது. 97 கண்ணியில் தொடங்கிப் பாருங்கள். 97 பகா எண். எந்தப் பூவும் முழுமையாகச் சுற்றி வந்து சேராது. வகுத்தலையும் மீதியையும் கரும்பலகையிற் கண்டு அஞ்சும் பிள்ளை, கையிலுள்ள தொப்பியில் ஒரு பூ அரைகுறையாக முடிவதைக் கண்டால், மீதி என்பது யாதென ஒருநாளும் மறக்கமாட்டாள்.

இனி எழுத்து. ஆங்கில எழுத்துக்கு ஐந்து கட்டம் அகலமும் ஏழு கட்டம் உயரமும் போதும், நேர்கோடுகளே பெரும்பான்மை. நம் எழுத்துக்கு வளைவு மிகுதி. 'ட' மாத்திரம் ஒரு நிலைக்கோடும் ஒரு கிடைக்கோடுமாகப் பரமசாதுவாக நிற்கிறது, 'ப'வும் அவ்வாறே. 'ண'வும் 'ஞ'வும் 'இ'யும் பின்னுகிறவளின் பொறுமையைச் சோதிக்கும். அன்றியும் பின்னலிற் கண்ணி என்பது சதுரமன்று. அகலம் அதிகம், உயரம் குறைவு. சதுரக் கட்டத் தாளில் ஏழுக்கு ஏழாக வரைந்த எழுத்து, தொப்பியில் அமுங்கிச் சப்பையாகிவிடும். மேலே சொன்ன அளவில் ஏழு கண்ணி அகலத்துக்குப் பத்துச் சுற்று உயரம் வைத்தால்தான் எழுத்து ஒழுங்காக நிமிர்ந்து நிற்கும். விகிதசமம் என்று பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பொருள் இதுவேயாகும்.

'மலையகம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்து ஐந்து, ஆயின் 'லை' என்பதன் முன்னே நிற்கும் ஐகாரக் குறி தனி வடிவாதலால், பின்ன வேண்டிய வடிவங்கள் ஆறு. வடிவொன்றுக்கு ஏழு கண்ணியும் இடைவெளிக்கு ஒன்றுமாக எட்டு; ஆறெட்டு நாற்பத்தெட்டு. ஆகவே 96 கண்ணித் தொப்பியை 'மலையகம்' இரண்டுமுறை சரியாகச் சுற்றி வரும். 'ஹட்டன்' என்பதற்கோ நான்கு வடிவம். 'ஹ'வும் 'ன்'னும் அகன்றவை. அவற்றுக்கு இடைவெளியோடு பத்துப் பத்து. 'ட்', 'ட' இரண்டும் ஒடுங்கியவை, ஆறு ஆறு. கூட்டினால் 32, மூன்றுமுறை சுற்றினால் 96. 'நுவரெலியா' அத்துணை எளிதிற் பிடிகொடாது. அதற்கு ஏழு வடிவம், ஐம்பத்தாறு கண்ணி, எஞ்சுவது நாற்பது. அந்த நாற்பதில், எட்டுக் கண்ணிக்கு ஒன்றாக, இரண்டு இலையும் ஒரு மொட்டுமான தேயிலைக் கொழுந்து ஐந்தை வைத்து நிரப்பிவிடலாம். மீதியைக் கண்டு அஞ்சாமல் அதைப் பூவாக்கிக் கொள்ளும் இத்திறமைக்குக் கணக்கறிவு என்றல்லாமல் வேறென்ன பெயரிடுவது?

பின்னல் தமிழெழுத்தை நடத்தும் முறையும் சிந்திக்கத்தக்கது. நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம். வலக்கைப் பழக்கமுடையவர் வட்டமாகப் பின்னும்போது, கண்ணிகள் வலமிருந்து இடமாக ஏறுகின்றன. ஆகவே சொல்லின் கடைசி எழுத்தே முதலில் ஊசிக்கு வருகிறது. அதுவும் முழுதாக வருவதில்லை. ஒவ்வொரு சுற்றும் எல்லா எழுத்துக்களையும் தொட்டுச் செல்வதால், முதற்சுற்றில் எல்லா எழுத்துக்களின் அடியும், அடுத்த சுற்றில் அவற்றின் மேற்பகுதியுமாக, சொல் முழுவதும் ஒருசேர வளர்கிறது. எந்த எழுத்தும் மற்றொன்றை முந்திக்கொண்டு முடிவதில்லை. பின்னுகிறவள் சொல்லைத் தலைகீழாகவும் பின்முன்னாகவும் மனத்தில் இருத்தியிருந்தாலொழிய இது கூடாது.

இருநிறப் பின்னலில் ஒரு நிறம் முன்னே வேலை செய்யும்போது மற்ற நிறநூல் பின்புறத்தே சும்மா செல்லும். ஐந்து கண்ணிக்கு மேல் அது தளர்ந்து சென்றால், தொப்பியை அணியும்போது விரல் அதில் மாட்டிக்கொள்ளும். 'ம்' என்பதன் மேலுள்ள புள்ளிதான் இதிற் பெருந்தொல்லை. அந்தச் சுற்றில் வேறெங்கும் எழுத்து நிறமில்லை. ஒற்றைக் கண்ணிக்காக நூலைத் தொப்பி முழுவதும் இழுத்துச் செல்ல வேண்டும். அதனாற் புள்ளியைப் பின்னலோடு போடாமல், எல்லாம் முடிந்தபின் தையலூசியால் அக்கண்ணியின் மேலேயே நூலோட்டிப் பதிப்பது நல்லது. கோலத்திற் புள்ளியை முதலில் வைப்பர். இங்கே புள்ளி கடைசியில் வருகிறது.

"இவ்வாறு கட்டத்துக்குள் அடைத்தால் தமிழெழுத்தின் அழகு கெடாதா?" என்று பண்டிதர் சிலர் வினவக்கூடும். நம் எழுத்து எக்காலத்தும் கருவிக்கு இசைந்தே வந்திருக்கிறது. கல்லில் உளியால் வெட்டியபோது ஒரு வடிவம். ஓலையில் எழுத்தாணி ஓட்டியபோது ஒரு வடிவம். ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு கிழியுமென்று அஞ்சிப் புள்ளியே இல்லாமல் எழுதிய காலமும் இருந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறு பிரித்துக் காட்டும் குறிகளை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அமைத்தார். 1978இல் தமிழ்நாட்டரசு ஐகாரத் துதிக்கை முதலிய பழைய வடிவங்களை மாற்றி ஆணை பிறப்பித்தது. ஓலைக்கும் ஈயத்துக்கும் இசைந்த எழுத்துக் கம்பளி நூலுக்கு மாத்திரம் இசையாமற் போகுமா?

தொப்பியின் உச்சிக்கு வருவோம். 96 கண்ணிகளையும் எட்டுக் கூறாக்கி, ஒன்றுவிட்ட ஒவ்வொரு சுற்றிலும் கூறுக்கு ஒரு கண்ணியாக எட்டெட்டாகக் குறைத்துக்கொண்டு போனால், 88, 80, 72 என்று இறங்கி எட்டில் முடியும். அதற்கு 22 சுற்றுகள். மெதுவாகக் குறைத்தால் தொப்பி கூம்பாக நீளும். அவசரப்பட்டுக் குறைத்தால் சுருங்கி இழுக்கும். 48 சென்ரிமீற்றர் சுற்றளவுடைய வட்டத்தின் ஆரை ஏறத்தாழ 7.6, இருபத்திரண்டு சுற்றுகளின் நீளம் ஏறத்தாழ 7.9. வட்டத்தகட்டைவிட ஒரு நெல்லளவே கூடுதல். ஆகவே தலையின் உச்சிக்கு இசைய மெல்லிய குவிவோடு அது அமர்கிறது. வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமுள்ள அந்தப் புகழ்பெற்ற விகிதத்தைப் பின்னுகிறவள் பெயர் சொல்லி அழைக்காமலிருக்கலாம்; அவள் கை அதை அறியும்.

மறுபக்கம், குறைப்பதற்குப் பதிலாக அளவுக்கு மிஞ்சிக் கூட்டிக்கொண்டே போனால், துணி கீரையிலையின் விளிம்பு போல நெளிந்து மடியும். இயூக்கிளிட்டின் சமதளத்துக்கு அடங்காத அதிபரவளைவுத் தளத்தை மாணவருக்குக் கையில் எடுத்துக் கொடுக்க எண்ணிய டைனா தைமினா என்னும் கணித ஆசிரியை, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் இவ்வாறே கொக்கியூசியால் நூலிற் பின்னிக் காட்டினார். தாளிலே ஒட்டி ஒட்டிச் செய்தபோது கிழிந்துபோன வடிவம், நூலிலே நிலைத்தது. ஒரேயொரு பக்கமுடைய மோபியஸ் பட்டையையும், உள்ளும் புறமும் ஒன்றேயான கிளைன் குடுவையையும் தொப்பியாகவும் கழுத்துப் பட்டியாகவும் பின்னி அணிகிற கணித அன்பர்களும் மேனாடுகளில் உளர்.

ஆயினும் நம் பிள்ளைகள் தொப்பியில் வரைய வேண்டிய கணக்குக் கோலத்துக்கு நாம் அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நாம் பாலபாடத்திற் படித்திருக்கிறோம். மூன்று மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை வகையில் நிரப்பலாம்? மூன்று குறில்; குறிலும் நெடிலும்; நெடிலும் குறிலும்: ஆக மூன்று வகை. நான்கு மாத்திரைக்கு ஐந்து வகை. ஐந்துக்கு எட்டு வகை. 1, 2, 3, 5, 8 என்று முன்னிரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் இந்த வரிசையை, மேனாட்டார் 1202இல் நூலெழுதிய பிபனாச்சியின் பெயரால் அழைக்கின்றனர். அவருக்கு முன்னரே வடமொழி யாப்பிலக்கணக்காரரான விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டினரான ஏமச்சந்திரரும் செய்யுளின் மாத்திரைகளை எண்ணியே இதைக் கண்டிருந்தனர். ஆகவே தொப்பியின் விளிம்புக்கு 16 சுற்று, ஊர்ப்பெயருக்குப் புள்ளியும் இடைவெளியும் சேர்த்து 15 சுற்று, அதற்கு மேல் 1, 2, 3, 5, 8 என்று அகன்று செல்லும் பட்டைகளுக்கு 19 சுற்று, ஆக ஐம்பது. எழுத்தும் அந்த எழுத்தின் மாத்திரைக் கணக்கும் ஒரே தலையில் அமர்ந்துவிடும்.

கோலத்தையும் இங்கே நினைத்தல் வேண்டும். லயத்து வாசலிற் சாணம் தெளித்துப் புள்ளி வைத்து இழை இழுக்கும் நம் தாய்மாரின் கைவேலையைக் கணிதமாகக் கண்டு ஆராய்ந்தவர்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்த இராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோரும் ஆவர். கோலத்தை விதிகளால் உருவாகும் கட்ட வரிசையாகக் கொண்டு அவர்கள் 1974இல் எழுதிய கட்டுரை, கணினி அறிவியலாருக்குப் பயன்பட்டது. அச்சிட்ட தமிழெழுத்தைக் கணினி அடையாளம் காண்பது பற்றியும் 1978இல் அதே சிரோமணி தம் கூட்டாளிகளோடு எழுதினார். கோலமும் எழுத்தும் கட்டத்தில் அமையும் புள்ளிகளே என்பதை அவர் போன்றோர் உணர்ந்திருந்தனர். பின்னல் தாளும் அத்தகைய கட்டம்தானே?

நீலகிரியிலே தோடர் இனப் பெண்கள் வெண்துணியிற் சிவப்பும் கறுப்புமான நூலால் தைக்கும் பூவேலை இருக்கிறது. முன்கூட்டித் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே அவர்கள் கோலத்தை வளர்க்கின்றனர். அவ்வேலைக்கு 2013இல் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் அப்பெயரைப் பிறர் கண்டபடி எடுத்தாள முடியாது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம்மவர் பலர் இலங்கையை விட்டுச் சென்று குடியேறிய மலையும் அதுவேயாகும். அங்கே எண்ணிக்கை அறிந்த பெண்களின் கைவேலை ஓர் இனத்தின் முத்திரையாக உயர்ந்திருக்கிறது. நம் மலையில் அது நிகழாமைக்குக் காரணம் நம் பெண்களின் தலையில் இல்லை.

கணிதம் பட்டதாரிகளின் சொத்து என்று நினைப்போருக்கும் ஒன்று சொல்வேன். ஒரே வடிவான ஓட்டினாற் தளம் முழுவதையும் இடைவெளியின்றிப் பரப்ப வேண்டும். ஆனால் கோலம் ஒருகாலும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரக்கூடாது. அத்தகைய வடிவம் உண்டா என்று கணித அறிஞர் நெடுங்காலம் தேடினர். அதைக் கண்டவர் இங்கிலாந்தின் யோர்க்ஷயரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் என்பவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அச்சுத் தொழில்நுட்பத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அட்டையில் வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்தே அதை அவர் கண்டார். மூன்று அறிஞர்கள் அவருடன் கூடி அதை நிறுவி 2023இல் வெளியிட்டனர். பதின்மூன்று பக்கங்களையுடைய அவ்வடிவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தொப்பி'. கையினாற் சிந்திப்பவர்களுக்குக் கணிதத்தின் வாசல் அடைபட்டதில்லை.

நிற்க. எழுத்தின் மேல் நான் இத்துணை அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தேயிலை ஆலைகளின் நெற்றியைப் பாருங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் பேரெழுத்தில் நிற்கும். டன்சினேன், ஹோலிரூட், ஸ்ரத்டன் என்பனவெல்லாம் துரைமார் தம் தாயகத்திலிருந்து கொண்டுவந்த பெயர்கள். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரே ஸ்கொட்லாந்துக்காரர்தான். அவர்கள் நாட்டில் சாங்கர் என்னும் சிற்றூரின் இருநிறக் கையுறைகள் புகழ்பெற்றவை. அணிபவரின் பெயரெழுத்தை அவற்றின் மணிக்கட்டிற் பின்னுவது அவ்வூர் மரபு. தம் கையுறையிற் பெயர் பின்னிய நாட்டினர் நம் மலைக்கும் தம் ஊர்ப்பெயரை இட்டனர். அதிற் குற்றமில்லை, தம் ஊர்ப்பெயரின் மேல் யாருக்கும் ஆசை உண்டு. ஆனால் அதே தோட்டங்களுக்குத் தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர்களும் இருந்தன, இருக்கின்றன. அவை ஆலைச் சுவரில் ஏறவில்லை. தேயிலைப் பெட்டியிலும் ஏறவில்லை.

நம் மக்களின் சொந்தப் பெயர் எதிலே எழுதப்பட்டது? கடன் குறித்த துண்டுச் சீட்டில் எழுதப்பட்டது. அந்தத் துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. செக்ரோலில் எழுதப்பட்டது. ஒருநாள் வேலைக்கான வரவையே தோட்டத்தில் 'பேர்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு 'அரைப்பேர்'. தன் பெயர் பாதியாக வெட்டப்படுவதைக் கேட்டுக்கொண்டே மலையிறங்கும் பெண்ணின் மனத்தை எண்ணிப் பாருங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாற் பெயர்ப் பதிவையே இழந்து, 2003இன் சட்டத்துக்குப் பின்னரே எஞ்சியோரும் பிரஜைகளாகப் பெயர் பெற்ற சமூகம் நம்முடையது. இத்தகைய சமூகத்துப் பெண் ஒருத்தி தன் ஊரின் தமிழ்ப் பெயரைத் தன் கையாற் பின்னி, உலகத்தார் தலையில் ஏற்றுவது சிறு காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

"தமிழ் படிக்கத் தெரியாத வெள்ளைக்காரன் அதை ஏன் வாங்குகிறான்?" என்று கடைக்காரர் கேட்பர். தனக்கு விளங்காத சீன எழுத்தையும் யப்பானிய எழுத்தையும் உலகமெங்கும் மக்கள் சட்டையில் அணிந்து திரிவதை அவர் காணவில்லையா? நியூயோர்க்கிலும் கிடைக்கக்கூடிய தொப்பியை நுவரெலியாவில் வாங்குவதைவிட, நுவரெலியாவில் மாத்திரமே கிடைக்கும் எழுத்தை வாங்குவதே பிரயாணிக்கு நினைவுப் பொருளாகும். அன்றியும் புலம்பெயர்ந்து கனடாவிலும் நோர்வேயிலும் பனியில் வாழும் தமிழருக்கு இதைவிட உகந்த தொப்பி எது?

"வயிற்றுக்கும் கூரைக்கும் வழியில்லாத இடத்திலே தொப்பிப் பேச்சா?" என்று கேட்போரின் கோபம் நியாயமானது. சம்பளப் போராட்டத்துக்கும் வீட்டுரிமைக்கும் மாற்றாகத் தொப்பியை நான் வைக்கவில்லை. ஆயின் விலையைக் கணக்கிட அறியாத கைவேலை இன்னொரு கொழுந்துக் கூடையாகவே முடியும் என்பதை நானே முதலிற் சொல்லுவேன். ஆகவே அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அடிப்பகுதி ஐம்பது சுற்றுக்கு 4,800 கண்ணி. உச்சியிலே 88 முதல் 8 வரை இவ்விரண்டு சுற்று. ஒன்றிலிருந்து பதினொன்றுவரை கூட்டினால் 66. அதை எட்டாலும் இரண்டாலும் பெருக்கினால் 1,056. ஆக 5,856 கண்ணி. இருநிறப் பின்னலில் நிமிடத்துக்கு இருபது கண்ணி என்று வைத்தால், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்துக்கும் நூலுக்கும் உரிய விலை என்ன என்று பின்னியவளே எழுதி வைக்கட்டும். கூட்டல் தொடரை இவ்வாறு படித்தவளிடம், எடுப்பான விலைக்கு விற்கும் தொப்பியை எவரும் அற்பக் காசுக்குப் பறித்துக்கொண்டு போக முடியாது.

இன்னுமொரு தடையைப் பெண்கல்வியில் அக்கறையுள்ளோர் எழுப்புவர்: "பெண்ணை மீண்டும் ஊசிக்கும் நூலுக்கும் அனுப்புகிறீரா?" ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே அனுப்புகிறேன் என்பது என் மறுமொழி. பெரு நாட்டின் தித்திக்காக்கா ஏரியிலுள்ள தக்கீலே தீவிலே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை, சிறுவயதிலேயே கற்றுக்கொள்ளுகின்றனர், தொப்பியின் கோலத்தைப் பார்த்தே அணிந்தவன் மணமானவனா இல்லையா என்று அங்குள்ளோர் அறிவர். அத்தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005இல் உலகின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஊசிக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது. அதை நாம்தான் கற்பித்தோம்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களுமல்ல. ஆலயத்து மண்டபத்திலோ வாசிகசாலையிலோ வாரத்தில் ஒருநாள் மாலை, கட்டத் தாளும் பென்சிலும் இரண்டு நிற நூலுமாகச் சிலர் கூடினாற் போதும். பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியிற் பயிலும் இளம் ஆசிரியர்கள், கணித பாடத்துக்குத் துணைப்பொருளாக ஒரு தொப்பியை வகுப்புக்குக் கொண்டு செல்லலாம். மனையியல் ஆசிரியையும் கணித ஆசிரியரும் ஒரு பாடவேளையைச் சேர்ந்து நடத்தலாம். முதியோர் வாயிலிருந்து தத்தம் தோட்டத்தின் தமிழ்ப் பெயரைக் கேட்டெழுதி, அதற்கு எத்தனை வடிவம், எத்தனை கண்ணி, 96இல் எத்தனைமுறை அடங்கும் என்று பிள்ளைகள் வகுத்துப் பார்க்கட்டும். சரியாக வகுபடாத பெயரே நல்ல பாடமாகும். மீதியை எவ்வாறு நிரப்புவது என்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே சிந்திப்பாள்.

பெரியவர்களாகிய நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அடுத்தமுறை கண்டிப் பாதையிலோ ஹட்டன் கடைத்தெருவிலோ தொப்பி வாங்கும்போது, "தமிழெழுத்துப் போட்டது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டாற் கடைக்காரர் தேடத் தொடங்குவார். அவர் தேடி வரும்போது, கொடுப்பதற்குத் தொப்பியும், சொல்வதற்கு விலையும், அந்த விலைக்குக் காட்டக் கணக்கும் நம் பிள்ளைகளின் கையில் இருத்தல் வேண்டும்.